ஆறாம் பக்கத்தின் அடியில்

வியாழன்தோறும் வெளிவரும் எங்கள் பேப்பரில்
திருத்தங்களுக்கு ஒதுக்கிய இடம்
ஒரு தீப்பெட்டி அளவு.
மேலே பனி டயர் விளம்பரம்,
கீழே தொலைந்துபோன பூனை,
நடுவில் நான்.

தண்டர் பே. மைனஸ் முப்பத்தொன்று.
விரிகுடா இறுகி மூன்று வாரம் ஆகிறது,
தொலைபேசியில் ஓர் ஆள் கொதிக்கிறார்:
"என் சவுனா அடுப்பிலிருந்து தீ கிளம்பியதாகப் போட்டிருக்கிறீர்கள்.
கிளம்பியது பக்கத்து வீட்டுக்காரன்
டிரக் எஞ்சினைச் சூடாக வைக்க
ராத்திரி முழுக்கச் செருகியிருந்த வயரிலிருந்து.
என் அடுப்பு இதுவரை
ஒரு விரலைக்கூடச் சுட்டதில்லை."

தீயணைப்பு நிலையத்தில் விசாரித்தேன்.
அவர் சொன்னதுதான் சரி.

பயிற்சிக்கு வந்திருக்கும் பிராண்டன்
ஐந்து நிமிடத்தில் திருத்தம் அடித்துத் தந்தான்:
எங்கள் செய்தியில் ஓர்
'எரர் இன் ஃபாக்ட்' இருந்தது.

'இன்' மேல் என் பேனா நின்றுவிட்டது.
இப்படி எழுதினால்
பிழை போய் உண்மைக்குள் உட்கார்ந்துகொள்ளும்.
உண்மை என்ன செய்தது, பாவம்,
அது பாட்டுக்கு வயரில் எரிந்துகொண்டிருந்தது.
பிழை நம்முடையது, தம்பி.
'எரர் ஆஃப் ஃபாக்ட்' என்று போடு,
இல்லையென்றால் 'ஃபாக்சுவல் எரர்'.

"ஃபாக்சுவல் எரர் என்றால்
நிஜமாகவே நடந்த பிழை என்று ஆகிவிடாதா?"
என்று கேட்டான்.

எனக்கு உடனே பதில் வரவில்லை.
ஆங்கிலத்தில் அகப்படாததைத்
தமிழில் தேடிப் பார்ப்பேன்,
தொலைந்த சாவியைப் போன வருடக் கோட்டில்
துழாவுகிற மாதிரி.

உண்மையில் பிழை.
பிழை உண்மைக்குள் இருக்கிறதா,
'உண்மையில்...' என்று யாரோ
பேச்சை ஆரம்பிக்கிறார்களா, தெரியாது.

உண்மையின் பிழை.
இது அபாண்டம்.

உண்மைப் பிழை.
நடுவே ஒரு ப் வந்து சேர்ந்ததும்
அசல் பிழையாகி
ரசீதோடு நிற்கிறது.
பிராண்டன் கேட்டது இதைத்தான்.

பொருட்பிழை.
ஆமாம், இதேதான்.
ஆனால் வீட்டில் போய்ச் சொன்னால்
கடையில் வாங்கியதைத்
திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று நினைப்பார்கள்.

"எல்லோரும் சொல்லிச் சொல்லி
அதைச் சரியாக்கிவிட்டார்கள்," என்றேன் கடைசியில்.
அவன் நம்பியதாகத் தெரியவில்லை.

என் மருத்துவ அட்டையில்
பத்தொன்பது வருடமாக நான் தெய்வசிகாமணி.
அது அப்பாவின் பெயர்.
ஆஸ்பத்திரியில் கூப்பிட்டால்
எழுந்துதான் போகிறேன்.
அது எந்த ரகப் பிழை என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.

இருபத்தேழு சொற்களில் திருத்தம் முடிந்தது.
'ஆஃப்' அதன் இடத்தில்.
அடுப்புக்கு விடுதலை.
டயருக்கும் பூனைக்கும் நடுவே
அச்சுக்குப் போனது.

வெள்ளிக்கிழமை காலை மறுபடி அவர்.
இந்த முறை குரலில் கொதிப்பே இல்லை,
அதுதான் வயிற்றைப் பிசைந்தது.
"அடுப்பு விஷயம் சரி. நன்றி.
ஆனால் ஹெய்க்கினன் என்பதற்கு
இரண்டு கே வேண்டும்.
நீங்கள் ஒன்றுதான் போட்டிருக்கிறீர்கள்.
அது வேறு யாரோ."

ஹெய்கினன்.
வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
ஒரு க் உதிர்ந்த இடத்தில்
இன்னொரு மனிதன்,
சவுனா இல்லாதவன், தீ பார்க்காதவன்,
என் பேப்பரில் மட்டும் குடியிருப்பவன்.

"வெறும் ஸ்பெல்லிங்தானே," என்றான் பிராண்டன்,
"அதெப்படி ஃபாக்சுவல் எரர் ஆகும்?"

அடுத்த வாரத் தீப்பெட்டியைத் திறந்தேன்.
'எரர்' என்று அடித்தேன்.
கர்சர் துடித்தது, துடித்தது.

'ஆஃப் ஃபாக்ட்' என்று அடித்தேன்.