கச்சானுக்கு ரெண்டடி

கல்லடி மைதானத்தில் கச்சான் எழும்பினால்
வெள்ளரிப்பழம் மாதிரி அந்தப் பந்து
தாங்கியில் நிற்காது.
நான் குப்புறப் படுத்து
சுட்டுவிரலை அதன் உச்சியில் வைத்திருப்பேன்.
யதுகுலன் நாலு எட்டுப் பின்னால் போவான்,
ரெண்டு எட்டு இடப்பக்கம்.
மூக்கைத் துடைப்பான்.
பிறகு என் விரலுக்கு அடியில் ஒன்றும் இருக்காது.

முதல் வருசம் சனத்துக்கு றக்பி தெரியாது.
"கோலுக்கு மேலால அடிக்கிறான், விசரனா?"
மீன் வாங்க வந்தவர்கள் சைக்கிளை நிறுத்திக் கேட்டார்கள்.
மூன்றாம் வருசம் அவர்களே புள்ளி கூட்டினார்கள்.

எங்கள் கோட்டோடு எங்களை நெருக்கிவிட்டால்
அவன் வேறு ஆள்.
ஏழெட்டுப் பேர் மேலே விழ வர
கையிலிருந்து நழுவவிட்டுக் காலால் எடுத்து
சவுக்கந்தோப்புக்கே அனுப்பிவிடுவான்.
பந்து தேடிப் போனவன் வருமட்டும்
நாங்கள் மூச்சு வாங்கினோம்.

கண்டியில் அரையிறுதி. கடைசி உதை.
இலைகூட அசையவில்லை.
விரல் வேண்டாம் என்றான்.
காலுக்கு அது தெரியவில்லை,
பழக்கத்தில் கம்பத்துக்கு வெளியே பார்த்து அடித்தது.
பந்து பார்த்த இடத்துக்கே போனது.

மகியங்கனை தாண்டியும்
சப்பாத்தைக் கழற்றாமல் இருந்தான்.

இப்போது தோகாவில் கிரேன் ஓட்டுகிறான்.
வெள்ளிக்கிழமை பின்னேரம் எடுப்பான்.
சம்பளம், பிள்ளையின் பல், மீன் விலை
எல்லாம் பேசி முடிய,
"காத்து என்ன?"
"கச்சான்."
"எந்தக் கம்பம்?"
"வடக்கு."
கொஞ்சநேரம் சத்தமில்லை.
"இடதால ரெண்டடி வெளிய பார், மச்சான்" என்பான்,
அடிக்கப்போகிறவன் நான் என்பது போல.