கண்ணைப் பார்த்தபின்

தக்கைக்குக் கனமில்லை.
பட்டைகளை என் உயரத்துக்கு மேல் கட்டி ஏற்றினாலும்
ஃபோர்க்லிஃப்ட் முனகுவதில்லை.
கனமெல்லாம் வண்டிக்குத்தான். மூன்றரை டன்.
பாட்டரியில் ஓடுவதால்
பூனை நடக்கிற சத்தம்கூடக் கிடையாது.

சுமை முன்னால் மறைக்கும்.
பாதி நாள் பின்னோக்கியே ஓட்டுகிறேன்,
கழுத்தைத் திருகி,
இருக்கையின் முதுகைக் கட்டிப்பிடித்தபடி.
இடப்பக்கம் திரும்பினால் வால் வலப்பக்கம் வீசும்.
நடப்பவர்கள் இதைக் கார் என்று நினைத்து ஒதுங்குவார்கள்.
ஒதுங்குகிற இடத்துக்குத்தான் அது வரும்.

தரையில் மஞ்சள் கோடு உண்டு.
யாரும் போகாத மூலையில் புதுசாகப் பளபளக்கிறது.
கொதிகலன் வாசலில், எல்லாரும் கடக்கும் இடத்தில்,
மஞ்சள் எப்போதோ
பூட்ஸுகளில் ஒட்டி வீடுவீடாகப் போய்விட்டது.

சுவரில் பலகை:
ஓட்டுநரின் கண்ணைப் பார்த்தபின் கடக்கவும்.

அதெலினோ பார்ப்பதில்லை.
அவன் தம்பியை விட்டு நான் வந்து நாலு வருஷம்.
ஃபெய்ராவில், ரொட்டிக்கடை வரிசையில்,
பூசை முடிந்த தேவாலயப் படியில்,
என் வழியாக எனக்குப் பின்னாலிருப்பதைப் பார்ப்பான்.
இங்கேயும் அப்படியே.
முகர்வது அவன் வேலை. பூஞ்சை வாடையடிக்கும் தக்கையை
ஆயிரத்தில் ஒன்றாகப் பிடித்துவிடுவான்.
குவளைக்குள் மூக்கை விட்டபடியே நடப்பான்.

நவம்பர், செவ்வாய்க்கிழமை.
மழை வாசலைத் தாண்டி உள்ளே வந்திருந்தது.
ஹாரன் அடித்தேன்.
அடித்தது யாரென்று தெரிந்ததால் அவன் திரும்பவில்லை.
ஈரத்தில் சக்கரம் ஒரு முழம் கூடுதலாக வழுக்கியது.

குவளை உடைந்தது.
குவளை மட்டும்.
தக்கைகள் சிதறி உருண்டன, அவசரமே இல்லாமல்,
ஒன்று அவன் பூட்ஸில் இடித்து நின்றது.

“சுல்மீரா” என்றான்.
வேறொன்றும் சொல்லவில்லை. என் முழங்கால்
பெடலின் மேல் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

மேலாளர் வந்தார், படிவம் வந்தது.
‘காரணம்’ என்ற கட்டத்தில்
ஈரத் தரை என்று எழுதினேன்.
அவனும் கீழே கையெழுத்துப் போட்டான்.

இப்போது தினம் ஆறேழு தடவை நிற்கிறான்,
கோடு இருந்த இடத்தில்.
பார்க்கிறான்.
முள்ளைத் தரைக்கு இறக்குகிறேன், தலையசைக்கிறேன்.
போகிறான்.

சமாதானமாகிவிட்டது என்று
அவன் அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாளாம்.
அவளுக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரியாது.