பச்சைப் பொத்தான்

புந்தா அரேனாசில் காற்று கதவைத் தட்டாது,
பிடுங்கும்.
அப்படியொரு இரவில்தான்
டாக்டர் யாஸ்னா மிமிட்சாவின் கால்நடை மருத்துவமனையில்
சிடி டிரைவ் இரண்டு முறை இருமிச் செத்தது.

கவலையே இல்லை என்றேன்.
போன கோடையில் எல்லாத் தகடுகளையும்
பிம்பக் கோப்புகளாக்கி வைத்தவன் நான்.
நாற்பத்தொன்று.
கீறல் விழாது, கைரேகை படாது.
காலி இடத்தைக்கூடக் காலியாகவே
எண்ணியெண்ணிப் பிரதி எடுத்திருக்கும்.

மேசைமேல் மயக்கத்தில் கிடந்தது தீசோன்,
நீரிணைக்கு அப்பாலிருந்து வந்த மந்தை நாய்.
அதன் இடுப்பெலும்பில் ஒரு தகடு.
அந்தத் தகட்டின் எக்ஸ்ரே ஒரு தகட்டில்.
அந்தத் தகட்டின் பிம்பம் என் கணினியில்,
பதினேழாம் கோப்பு.
எத்தனை திருகு, எந்தப் பக்கம்?
"திற," என்றார் டாக்டர், கையுறை மாட்டியபடி.
"மருந்து நாற்பது நிமிஷம் தாங்கும்."

திறக்கும் மென்பொருள், இலவசம், என்று தேடினேன்.
ஒரே பக்கத்தில் ஐந்து பதிவிறக்கப் பொத்தான்கள்.
நான்கு பச்சை.
ஐந்தாவது சாம்பல் நிறம், எறும்பளவு.
இருப்பதில் பெரிய பச்சையை அமுக்கினேன்.
அடுத்து, அடுத்து, ஒப்புக்கொள்கிறேன், அடுத்து.
என் கல்யாணத்தில்கூட
இத்தனை வேகமாய்ச் சம்மதித்ததில்லை.

உலாவியின் நெற்றியில் மூன்று பட்டை.
எவனோ எனக்கு உடனடிக் கடன் தரத் துடித்தான்.
விசிறி ஊளையிட்டது.
ஒன்றாம் கோப்பின் பெயருக்கு
என் கண்ணெதிரே வால் முளைத்தது.
இரண்டாவதற்கும்.
மூன்று…

டாக்டர் கத்தவில்லை.
கடிக்க வரும் நாயின் கழுத்துப்பட்டையைப் பற்றும்
அதே கையால்
சுவரிலிருந்து வலைக் கம்பியை உருவினார்,
பிறகு மின்சாரத்தை.

"வேறு பிரதி?"
இருந்தது. தடுப்பூசிக் குளிர்பெட்டியின் தலைமேல்,
தூசியோடு, எதிலும் செருகாமல்.
வாரம் ஒருமுறை செருகு என்று அவர் சொல்லியிருந்தார்.
கோடையிலிருந்து நான் செருகவேயில்லை.
வாழ்க்கையில் முதன்முறையாக
என் சோம்பலுக்கு ஒரு உபயோகம்.

வரவேற்பறை தனிட்சாவின் மடிக்கணினி வந்தது.
கோப்பு அதே கோப்புதானா?
மருந்தலமாரிக் கதவில் ஒட்டிய தாளில்
பதினேழுக்கு நேரே அறுபத்துநான்கு எழுத்துகள்.
அவள் திரையைப் படித்தாள், நான் தாளில் விரல் வைத்தேன்.
ஏழு. எஃப். பூஜ்யம். சி.
நாய் மூச்சு விட்டது, நாங்கள் விடவில்லை.
நடுவில் "பி" என்பது "டி" என்று கேட்டு
நெஞ்சு நின்றது. கூரையில் காற்று.
மறுபடி சொல். பி.
கடைசி எழுத்தும் சேர்ந்தது.

"இப்போது எந்த மென்பொருள்?" என்றேன், தணிந்து.
தனிட்சா கோப்பை இருமுறை சொடுக்கினாள்.
திறந்தது.
எதையும் இறக்காமல், எவருக்கும் ஒப்புக்கொள்ளாமல்.
பல வருஷமாய்க் கணினிக்குள்ளேயே
இருந்திருக்கிறது அந்த வசதி.

ஆறு திருகு. ஒன்று வளைசல்.
டாக்டர் கத்தியை எடுத்தார்.

நான் விடியும்வரை
பழைய கணினியை அடியோடு அழித்துக்கொண்டும்
தனிட்சாவின் கணினியில் கடவுச்சொற்களை
ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டும் இருந்தேன்.
ஆறரைக்குத் தீசோன் விழித்து
என் காலணிமேல் வாந்தியெடுத்தது.

டாக்டர் சம்பளத்தில் கை வைக்கவில்லை.
போகிற போக்கில்
என் மேசையிலிருந்த பச்சைப் பேனாவை மட்டும்
எடுத்துக்கொண்டு போனார்.