நடை

இருபத்தொன்பது என்றார் டாக்டர் ஜெஸிந்தா.
யாருக்கு வயது என்றேன்.
வயதில்லையாம். என் ரத்தத்தில் ஓடும்
நல்ல கொழுப்பின் கணக்கு. நாற்பதாவது வேண்டுமாம்.
ஃபோர்மேன் கேட்டால் சிரிப்பான்.
லீவு கேட்ட போதெல்லாம்
உனக்குக் கொழுப்பு ஜாஸ்தி என்றவன் அவன்.

குல்ஜமான் வரிசையில் செத்தான்.
ஷார்ஜா, சஜா, கழிவுநீர் ஆலை வாசல்.
அவனுக்கு முன்னால் பதினேழு டேங்கர்,
பின்னால் என்னுடையது.
வரிசை நகர்ந்தும் அவன் நகரவில்லை.
ஹாரன் அடித்தேன்.
மூன்று முறை அடித்தேன்.

அதற்குப் பிறகுதான் கம்பெனிக்கு
எங்கள் ரத்தம் ஞாபகம் வந்தது.

டாக்டருக்கு நாகர்கோவில் பேச்சு.
ரிப்போர்ட்டைத் திருப்பி ஒரு குழாய் வரைந்தார்.
"ஒருத்தன் கொண்டாந்து கொட்டுவான், கேட்டேளா.
சுவரில ஒட்டும், தடிக்கும், ஒருநாள் வெடிச்சு அடைக்கும்.
இன்னொருத்தன் காலி வண்டியோட வருவான்.
ஒட்டினத உறிஞ்சி ஈரலுக்குக் கொண்டு போவான்.
ஈரல் அதைப் பித்தத்தோட வெளியே தள்ளும்."

இதை எனக்கா சொல்கிறீர்கள்?
நானூறு பேர் படுக்கும் கேம்ப்பின் பின்புறம்
பத்தொன்பது வருஷமாக
மூடி தூக்கி, குழாய் இறக்கி,
பம்ப் உறுமி முடிக்கும்வரை
மூக்கில் துண்டு கட்டி நிற்பவன் நான்.
ஒருநாள் வராவிட்டால்
வெள்ளிக்கிழமை பிரியாணி மணக்கும் அந்த இடம்
சனிக்கிழமை என்ன ஆகும் என்று அறிந்தவன்.
சிக்னலில் என்னைப் பார்த்ததும்
கார்க் கண்ணாடிகள் தாமாக ஏறும்.
எனக்குள்ளும் ஒருவன்
இப்படித்தான் ஓடியிருக்கிறான்.
ஆள் பற்றவில்லை என்று
அவனும் யாரிடமும் சொல்லவில்லை.

மாத்திரை இல்லையா என்றேன்.
"கெட்டதுக்கு இருக்கு, தாரேன்.
நல்லதை ஏத்தவும் மருந்து பார்த்தாச்சு.
எண் ஏறிச்சு, நெஞ்சுக்குப் பெரிசா பலனில்ல.
ஷெட்டுல எத்தன வண்டி நிக்கிதுன்னா பாப்பீங்க?
ஓடுதா, உறிஞ்சுதா, அதுல்லா காரியம்.
சிகரெட்ட விடுங்க. தினம் நடை போங்க."

"நாளைக்கு ஆறு நடை போறேன், டாக்டர்."

"உக்காந்துகிட்டா?"

அவர் சிரிக்கவில்லை.

நேற்று ராத்திரி ஒன்றரை மணி.
நாற்பது டிகிரி, காற்றில் உப்பு.
குல்ஜமானின் வண்டியை இப்போது
ஒரு நேபாளிப் பையன் ஓட்டுகிறான்.
வரிசை நகர்ந்தது. அவன் நகரவில்லை.
என் கை ஹாரன்மேல் போய் நின்றது.

இறங்கினேன்.
இத்தனை வருஷத்தில் முதல்முறை
அந்தத் தார்ச்சாலையில் என் கால் பட்டது.
முழங்கால் கிறீச்சிட்டது. மூச்சு வாங்கியது.
அவன் கதவைத் தட்டினேன்.
மறுபடி தட்டினேன்.

தூக்கம் கலைந்த பையன்
கண்ணாடியை இறக்கி
என் தாயை இழுத்து ஏதோ திட்டினான்.
இருபத்து மூன்று வயசுக் கொழுப்பு.
நல்லது, இருக்கட்டும்.

என் வண்டிக்குப் பதினாலு எட்டு.
எண்ணிக்கொண்டே திரும்பினேன்.