சேதாரம்

கடையில் எனக்குத் தராசு வேலை.
ரோஸ் ஹில், பேருந்து நிலையத்துக்கு எதிரே.
பதினெட்டு வருடம்.
ஒரு பவுன் என்ன கனம் என்று
கண்ணை மூடிக்கொண்டும் சொல்லும் என் உள்ளங்கை.

குரேப்பிப் துப்பாக்கிக் கடைக்காரர்
மாதிரிக்கு இரண்டு முனைகளை, ஓடில்லாமல் வெறுமனே,
கண்ணாடிமேல் வைத்து,
நூற்றிருபதா, நூற்றிநாற்பதா மதாம், என்றார்.
கிரெய்ன் கணக்கு எனக்கு ஓடவில்லை.
எடுத்து உருட்டிப் பார்த்தேன்.
சின்னது, பவுனுக்குப் பத்து அரிசி குறைவு.
பெரியது, பவுனும் மேலே ஒரு குழந்தை மோதிரமும்.

பெரியதையே வாங்கு என்றான் கெஸாவென்.
அவன் தோள் அவனுடையது.
என் காறை எலும்பில் ஒரு தகடு, ஆறு திருகு
(மோட்டார் சைக்கிள், கத்ர் போர்ன், மழை).
அதுவும் நகைதான் வள்ளியம்மே,
செய்கூலி மட்டும் ஆஸ்பத்திரிக்கு
என்று சிரிப்பார் முதலாளி.
அதனால்தான் இந்த ஸ்வீடன் ஆறரை.
பக்கத்தில் உட்கார்ந்தவர் இடம் கேட்டு
முழங்கையால் தொடுவதுபோல் உதைக்கும்,
அவ்வளவுதான்.

காஸ் நோயால், கரும்புக்குப் பின்னே பழைய கல்குழி.
அட்டையில் சின்னது மூன்று:
ஒரு ரூபாய்க் காசு வைத்து மூடலாம்.
பெரியது மூன்று:
இரண்டு விரல் கீழே, கொஞ்சம் கலைந்து.
அதில் இரண்டாவதற்கே
கண் தானாக மூடிக்கொண்டதை
யாரிடமும் சொல்லவில்லை.
சின்னதே போதும் என்றேன்.

ஜூலை முதல் ஞாயிறு.
ஷமரேலுக்கு மேலே, பரண்.
சீனக் கொய்யாப் புதருக்குள் மூடுபனி
துணி காய்வதுபோல் தொங்கிக்கொண்டிருந்தது.
எண்பது மீட்டரில் கலைமான் வந்தது,
விலா காட்டாமல்,
முன்தோளைச் சாய்த்து, என்னைப் பார்த்தபடி.
அந்தக் கோணத்தில்
முதலில் எலும்பு, பிறகு நெடுந்தூரம் தசை,
அதற்கும் பிறகுதான் மூச்சு.
பவுனுக்குப் பத்து அரிசி குறைந்தது
அங்கே போய்ச் சேருமா?
திரும்பு, திரும்பு என்று உதட்டுக்குள் சொன்னேன்.
திரும்பவில்லை. புதர் மூடிக்கொண்டது.
கயெத்தான் காவலாள்,
முப்பது வருடம் இந்த மலையில்;
தன் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி நீட்டினான்.
ஒன்றும் கேட்கவில்லை.

மறு ஞாயிறு பெரியதோடு போனேன்.
தோளுக்கு அடியில் மடித்த துண்டு.
அதே மானா தெரியாது. அதே சாய்வு.
அன்றைக்குக் கண் மூடவில்லை.
துப்பாக்கி உதைத்ததா என்று
இன்றுவரை நினைவில்லை.
நாற்பது அடி ஓடி, ஓடையருகே
முன்னங்கால்கள் முதலில் மடிந்தன.

உரிக்கும்போது, கடைசி விலாவுக்கு அருகே
தோலுக்கடியில் ஒரு கட்டி.
கயெத்தான் கத்தி முனையால் கிளப்பி
என் கையில் போட்டான்.
இதழ் விரிந்த ஒன்று. இன்னும் சூடு.
கை உடனே சொல்லிவிட்டது: பவுனில்லை.

திங்கட்கிழமை கடை திறக்குமுன்
கழுவித் தராசில் வைத்தேன்.
போனது ஒன்பது கிராம் சொச்சம்.
வந்தது ஆறு புள்ளி நான்கு.
வாடிக்கையாளர்கள் தினமும் என்னோடு
மல்லுக்கு நிற்பது இதற்குத்தான்:
எங்கே போகிறது சொல்லுங்கள், இந்தச் சேதாரம்?
பட்டறைத் தூசியில், அரத்தில், நெருப்பில்
என்று மனப்பாடமாய்ச் சொல்வேன்.

காயத்தைச் சுற்றி ஒரு சாண்
வெட்டிப் புதைத்திருந்தோம்.
தொடை ஒன்று கயெத்தான் வீட்டுக்கு.
மீதியை அன்றிரவு மசாலா அரைத்து, கொத்தமல்லி தூவி,
நானும் என் தங்கையும் சாப்பிட்டோம்.
நல்ல கறி, என்றாள்.
மூன்றாவது கவளத்தில்
பல்லில் ஏதோ நெறிந்தது.
விரலால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தேன்.
எள்ளைவிடச் சின்னது.
என்னக்கா, கல்லா?
ம், என்றேன்.
அதை மட்டும் நிறுக்கவில்லை.