அச்சு நூற்றெழுபது

ஜெலுத்தோங் சாலைக் கண்ணாடிக் கடையில்
ஊய் கேட்கிறார்: "இதுவா, அதுவா, எது தெளிவு?"
இரண்டும் ஒன்றுபோல்தான், என்றேன்.
அவருக்குச் சிரிப்பு. எனக்கு அது தொழில்.

மூன்று வருடமாய் நான் பார்ப்பவை எவையும் தெளிவில்லை.
தொலைதூர விண்மீன் திரள்கள்,
திரையில் நாலைந்து புள்ளி அகலம்,
பிறவியிலேயே நீள்வட்டம்.
அவற்றின் ஒளி வரும் வழியில் ஒரு கூட்டம்,
ஏழெட்டுத் திரள்கள் ஒண்டிக்கிடப்பது.
அந்தக் கனத்தைக் கடக்கையில்
ஒளி இம்மியளவு சாய்கிறது.

தனியாக ஒன்றைக் கேட்டால் வாய் திறக்காது.
பத்தாயிரத்தை அடுக்கிச் சராசரி எடுத்தால்
முணுமுணுக்கும்:
இங்கே ஏதோ கனக்கிறது.

நட்சத்திரங்களைக் கூட்டினேன். போதவில்லை.
எக்ஸ்கதிரில் ஒளிரும் சூடான வாயுவையும் சேர்த்தேன்.
அதுவே இருக்க வேண்டியதைவிடக் குறைவு;
நடுவிலுள்ள கருந்துளை ஊதித் தள்ளியிருக்கும்
என்கிறான் நஸ்ருல். இருக்கலாம்.
பத்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம்.
மிச்சமெல்லாம் இருள் கணக்கில்.

போன ஜூலையில் பெரிய எண் ஒன்று வந்தது.
ஆய்வறை முழுக்க பசெம்போர் வாங்கிக் கொடுத்தேன்.
பத்து நாள் கழித்துத் தெரிந்தது,
பாதி வளைவு வானத்தினுடையதல்ல,
தொலைநோக்கியினுடையது.

"உங்கள் இடக்கண் முழு உருண்டை இல்லை"
என்கிறார் ஊய், அச்சு நூற்றெழுபது என்று எழுதிக்கொண்டே.
"சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கும். தெரியாதா?"

வெளியே மழை.
கடலுக்கு மேல் பாலத்து விளக்குகள்
ஒவ்வொன்றும் சாய்ந்து நீண்டு.
புதுக் கண்ணாடி வியாழக்கிழமைதான் கிடைக்கும்.
அதுவரை
எதன் கோணல் யாருடையது என்று
சத்தியம் செய்ய மாட்டேன்.