ஆவி நிற்கும்வரை

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை முதல் ஆறேகால் வரை
அடுப்படி என்னுடையது.
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய அட்டவணை சொல்கிறது,
சசிதரன் கையெழுத்தில்.

குதைபியாவில், சலூனுக்கு மேலே இரண்டாம் மாடி.
பிளைவுட்டால் அறுத்து ஆறாக்கிய வீடு.
விசா முடிந்து கிளம்பிய குடும்பமொன்று
இரண்டு தினாருக்குத் தள்ளிவிட்ட வாஃபிள் பெட்டி
என் கட்டிலுக்கடியில் பதினோரு நாள் கிடந்தது.

வாஃபிள் எனக்குப் புதிதல்ல.
ஜுஃபைர் ஹோட்டலில் மூன்று வருடமாய்
அதன் மிச்சத்தைக் கழுவுகிறேன்.
கட்டங்களில் உறைந்த பாகு
வெந்நீருக்கும் சட்டென்று இளகாது.

தட்டு வாங்கும் சன்னல் வழியே
ரொடெலிடம் திருடியது இவ்வளவுதான்:
மஞ்சள் கருவும் வெள்ளைக் கருவும் முதலில் சேரக்கூடாது.
மாவில் கொஞ்சம் கட்டி இருக்கட்டும், விட்டுவிடு.
மோருக்குப் பதில் கோல்டு ஸ்டோர் லபன்.
உருக்கிய வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு,
பேக்கிங் பவுடர் இரண்டு கரண்டி, தலை தட்டி.

வெள்ளைக் கருவை அடிக்க என்னிடம் இருந்தது முள்கரண்டி.
முந்நூறு எண்ணியபோது நுரை.
ஐந்நூறிலும் அதே நுரை.
தோள் இறங்கிவிட்டது.

அப்போது இன்னாசி வந்தான்,
இரவுக்காவல் முடிந்து, பொத்தானைக் கழற்றியபடி.
சிலிண்டர் காசுக்காக ரமலானுக்கு முன் ஒரு சண்டை.
அதன்பின் எங்களுக்குள்
‘தள்ளு’ என்ற சொல்கூட இல்லை, செருமல் மட்டும்.
தண்ணீர் குடித்தான். பார்த்தான்.
கிண்ணத்தைப் பிடுங்கி இடுப்பில் அணைத்து
யார் மேலோ இருந்த கோபத்தை அடிக்கத் தொடங்கினான்.
யார் மேல் என்று இருவருக்கும் தெரியும்.

நுரை வெளுத்தது, இறுகியது,
கரண்டியைத் தூக்கினால் கூம்பாய் நின்றது.
“போதுமா?”
ஏழு மாதத்தில் முதல் சொல்.
கிண்ணத்தைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பார்க்கணும், என்றேன்,
ரொடெல் அப்படித்தான் செய்வான்.
“யார் தலைக்கு?”
அவனே ஸ்டூலில் உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றினான்.
ஞானஸ்நானத்துக்கு வந்தவன் போலக் கண்ணை மூடினான்.
கவிழ்த்தேன்.
விழவில்லை.

அடைத்த காற்று ஓடிவிடாமல்
கீழிருந்து மேலாகப் புரட்டிப் புரட்டிச் சேர்த்தேன்.
முதலாவதை அவசரத்தில் திறந்தேன்:
மேல்பாதி மேல்தட்டோடு, கீழ்ப்பாதி கீழ்த்தட்டோடு.
“ஆவி வருது பார். அது நிக்கட்டும்” என்றான்,
வாஃபிள் என்ற பெயரையே
அன்றுதான் கேள்விப்பட்டவன்.

நின்றோம்.
விளிம்பெல்லாம் புகைந்தது, மெலிந்தது, ஓய்ந்தது.
திறந்தால் சாயா நிறத்தில் பதினாறு அறை.
தூக்கினால் கனமே இல்லை.
“நம்ம வீட்டு பிளான் மாதிரியே இருக்கு.”
பேரீச்சம்பாகை ஊற்றினேன்.
ஓர் அறை நிரம்பி, சுவர் ஏறி,
அடுத்த அறைக்குப் போனது, கதவு தட்டாமல்.

கடித்தபோது மொறுக்கென்றது.
நான் கழுவிய எதுவும்
இப்படிச் சத்தம் போட்டதில்லை.

மூன்றாவதை ஊற்றி மூடினேன்,
பிரேக்கர் விழுந்தது.
ஏசி ஓய்ந்தது. பிளைவுட்டுக்குப் பின்னாலிருந்து
மூன்று மொழிகளில் வசவு.
சன்னலில்லா அடுப்படியில்
ஆவி நின்றதா இல்லையா, தெரியவில்லை.
இன்னாசி பெட்டிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்
“இன்னும் இருக்கு” என்றான்.

கதவைத் தட்டினான் சசிதரன்.
ஆறேகால்.